கோழிக்கு ஊசி உண்டு, மனிதனுக்கு?

எய்ட்ஸ் தடுப்பு ஊசி ஆராய்ச்சிக்குப் பணம் நிற்கக் கூடாது

காரவள்ளி.

கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். மலைப்பாதை இங்கேதான் தொடங்குகிறது. மேலே சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

மலையில் இருந்து அன்னாசி வருகிறது. வாழை வருகிறது. மிளகும் காப்பிக் கொட்டையும் மரவள்ளிக் கிழங்கும் வருகின்றன. இந்த வழியாகவும் அவை இறங்குகின்றன. இறங்கி நாமக்கல் பக்கம் போனால் அங்கே வேறு உலகம். எங்கு பார்த்தாலும் லாரிகள். எங்கு பார்த்தாலும் கோழிப் பண்ணைகள்.

முட்டையும் லாரியும்தான் நாமக்கல்லுக்குச் சோறு போடுகின்றன. கோழி முட்டை இடுகிறது. லாரி அதை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. லாரியை ஓட்டுகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரப் பல நாள் ஆகிறது.

இந்த இரண்டில் ஒன்றுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. மற்றொன்றுக்கு இல்லை.

எதற்கு இருக்கிறது? கோழிக்கு இருக்கிறது!

குஞ்சுக்குச் சொட்டு மருந்து

கோழிப் பண்ணைக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வெள்ளைக் கழிச்சல் என்ற பெயரைச் சொன்னாலே அவர் முகம் மாறும். ராணிக்கெட் நோய் என்பதும் அதுதான். பண்ணைக்குள் அது நுழைந்துவிட்டால் கூட்டம் கூட்டமாகக் கோழிகள் விழும். வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

அப்படியானால் பண்ணைகள் எப்படிப் பிழைத்து இருக்கின்றன?

தடுப்பு மருந்துதான் காரணம். குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆவதற்குள் அதன் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுகிறார்கள். வளர்ந்த பின் ஊசி போடுகிறார்கள். தடுப்பு மருந்து போடாமல் பெரிய பண்ணை நடத்த எவரும் துணிய மாட்டார்.

"நோய்தான் வரவில்லையே, ஊசிக்கு ஏன் செலவு?" என்று எந்தப் பண்ணைக்காரரும் கேட்பது இல்லை. வந்த பின் செலவு செய்வதைவிட, வருமுன் காப்பதே லாபம் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கோழியின் முட்டையை ஏற்றிச் செல்லும் மனிதருக்கு எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்க ஒரு ஊசி உண்டா? அவர் மனைவிக்கு உண்டா? பிறக்கப் போகும் குழந்தைக்கு உண்டா?

இல்லை. இன்னும் இல்லை. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் அந்தக் கிருமியை 1983-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தடுப்பு ஊசி கைக்கு வரவில்லை.

அதைத் தேடுகிற வேலைக்கும் இப்போது பணம் குறைந்து வருகிறது. இதுதான் கவலைப்பட வேண்டிய செய்தி.

சென்னையில் தெரிந்த உண்மை

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது முதன்முதலில் தமிழ்நாட்டில்தான் தெரியவந்தது. 1986-ம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் என்ற பேராசிரியை இருந்தார். அவரிடம் படித்துவந்த மாணவி டாக்டர் நிர்மலா.

"எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், அது இங்கே எங்கே வரப் போகிறது?" என்று பலரும் எண்ணிய காலம் அது. ஆனாலும் சுனிதி சாலமன் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்து இருந்தார். பிறகு கணவரோடு இரவு ரயில் ஏறி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே சோதித்ததில் கிருமி இருப்பது தெரிந்தது. நாடு திடுக்கிட்டது.

அந்த இரண்டு பெண்களும் "நமக்கு ஏன் வேலை?" என்று இருந்துவிட்டால் என்ன ஆகி இருக்கும்? இன்னும் பல ஆண்டுகள் கிருமி ஒளிந்து பரவி இருக்கும். ஆராய்ச்சி என்பது வீண் செலவு அல்ல என்பதற்கு அதுவே முதல் பாடம்.

நாமக்கல் பட்ட பாடு

பின் வந்த ஆண்டுகளில் நாமக்கல் மாவட்டம் மிகவும் அடிபட்டது. நாட்டிலேயே எச்.ஐ.வி. அதிகம் உள்ள மாவட்டங்களின் வரிசையில் அதன் பெயர் வந்தது. லாரித் தொழிலாளர்களை ஊரே சந்தேகக் கண்ணோடு பார்த்தது. பாதிக்கப்பட்டவர்களைச் சொந்தக்காரர்களே ஒதுக்கினார்கள். தாய் தந்தையை இழந்த குழந்தைகளைத் தாத்தா பாட்டிகள் வளர்க்க வேண்டியது ஆயிற்று.

இதில் ஓட்டுநர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. கிருமிக்குத் தொழில் தெரியாது, சாதி தெரியாது, ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசமும் தெரியாது.

பிறகு நிலைமை மாறியது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ல் தோன்றியது. ஆணுறை பற்றிக் கூச்சம் இல்லாமல் பேசினார்கள். இரத்த சோதனை நிலையங்கள் வந்தன. 2004-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்பட நாட்டின் சில மருத்துவமனைகளில் இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள்.

இன்று எச்.ஐ.வி. வந்தவர் தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் நீண்ட காலம் வாழலாம். வேலை செய்யலாம். கல்யாணம் செய்து குழந்தை பெறலாம். இரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் அவரிடம் இருந்து மற்றவருக்கு அது தொற்றுவது இல்லை. கர்ப்பிணித் தாய் மாத்திரை சாப்பிட்டால் குழந்தையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இது பெரிய வெற்றி. சந்தேகம் இல்லை.

பிறகு ஊசி எதற்கு?

"மாத்திரைதான் இருக்கிறதே! பிறகு தடுப்பு ஊசி எதற்கு?"

நியாயமான கேள்வி. பதிலைக் கணக்கில் பார்க்கலாம்.

2024-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது. ஒரு நாளைக்கு 3,500 பேர்! அதே ஆண்டில் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். இந்தக் கிருமியோடு வாழ்பவர்கள் 4 கோடிக்கு மேல்.

நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். 2023-ம் ஆண்டில் புதிதாகத் தொற்றியது சுமார் 68 ஆயிரம் பேருக்கு. முன்பைவிட இது எவ்வளவோ குறைவு. ஆனாலும் நாள் ஒன்றுக்கு 180 பேருக்கு மேல் ஆகிறது.

மாத்திரை கிருமியை அடக்குகிறது, ஒழிப்பது இல்லை. நிறுத்தினால் கிருமி மறுபடியும் தலை தூக்கும். ஆகவே ஒருவர் 25 வயதில் மாத்திரை தொடங்கினால் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். 68 ஆயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தால் 68 ஆயிரம் பேருக்கும் ஆயுள் முழுவதும் அரசு மாத்திரை கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு இன்னும் பல ஆயிரம் பேர். அதற்கு அடுத்த ஆண்டும் அப்படியே. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல!

ஓட்டையை அடைப்பதுதான் தடுப்பு ஊசி.

இன்னொன்றும் உண்டு. ஆணுறை ஆண் சம்மதித்தால்தான் உதவும். வரும் முன் காக்கும் மாத்திரையை, தனக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தவர்தான் சாப்பிடுவார். வீட்டில் இருக்கும் மனைவிக்கு ஆபத்து இருப்பது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் கணவனிடம் வாய் திறந்து சொல்ல எத்தனை பேரால் முடியும்?

தடுப்பு ஊசிக்கு யாருடைய சம்மதத்தையும் எதிர்பார்க்க வேண்டியது இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில் போட்டுவிட்டால் காவலுக்கு ஆள் வந்துவிட்ட மாதிரி.

"ஒழுக்கம் போதாதா?"

சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். "ஒழுக்கமாக இருந்தால் போதுமே! இதற்கு ஊசி வேறா?"

கணவனைத் தவிர வேறு ஒருவரை அறியாத மனைவிக்கும் கிருமி வந்து இருக்கிறது. அவள் என்ன தவறு செய்தாள்? தாயின் வயிற்றில் இருந்த குழந்தை என்ன தவறு செய்தது?

கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இதே வழிகளில்தான் பரவுகிறது. இரத்தத்தால் பரவும், உடலுறவால் பரவும், தாயிடம் இருந்து பிள்ளைக்கும் வரும். அதற்கு ஊசி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த அன்றே போடுகிறார்கள். "இதனால் ஒழுக்கம் கெட்டுவிடும்" என்று எந்தத் தாயும் சொல்வது இல்லை. "என் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்" என்றுதான் கையை நீட்டுகிறாள்.

எச்.ஐ.வி.க்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும்.

ஓரியின் அம்பு வேண்டும்

இத்தனை நோய்களுக்கு ஊசி கண்டுபிடித்தவர்கள் இதற்கு மட்டும் ஏன் திணறுகிறார்கள்?

அம்மைக் கிருமி உடம்பில் புகுந்தால் உடம்பு சண்டை போடும். பிழைத்தவருக்கு மறுபடியும் அம்மை வராது. உடம்பு எப்படி ஜெயித்தது என்று பார்த்து, அதே வழியில் தடுப்பு மருந்து செய்தார்கள்.

எச்.ஐ.வி.யை உடம்பு தானாக ஜெயிப்பது மிக மிக அபூர்வம். பார்த்துப் படிக்க ஒரு முன்மாதிரி இல்லை.

அந்தக் கிருமி போலீசுக்குள்ளேயே புகுந்துகொள்ளும் திருடன். நோயோடு போராட உடம்பு வைத்து இருக்கும் வெள்ளை அணுக்களையே அது பிடித்துக்கொள்கிறது. அந்த அணுவின் உள்ளே தன்னை எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஒளிந்தபின் கண்டுபிடிப்பது கடினம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, அதன் மாறு வேடம். அது பெருகும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது. இன்று ஒரு முகம். நாளை வேறு முகம். ஒரு முகத்துக்குச் செய்த ஊசி இன்னொரு முகத்தை அறியாது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிச் சங்கப் புலவர் பாடி இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஓரி விட்ட அம்பு ஒன்றுதான். அது யானையைத் துளைத்தது. புலியைத் துளைத்தது. மானையும் பன்றியையும் துளைத்தது. கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது.

விஞ்ஞானிகள் தேடுவது அப்படிப்பட்ட அம்பைத்தான். கிருமி எத்தனை வேடம் போட்டாலும் அத்தனையையும் துளைக்க வேண்டும். அந்த அம்பு வெறும் கற்பனை அல்ல. எச்.ஐ.வி. வந்து பல ஆண்டுகள் ஆன சிலருடைய உடம்பில், பல வகைக் கிருமிகளையும் தாக்கும் எதிர்ப்புப் பொருள் தானாகவே உண்டாகி இருக்கிறது. அவர்களுக்கு அது காலம் கடந்து உண்டானது, ஆகவே குணப்படுத்தவில்லை. கிருமி வரும் முன்பே அதை உடம்பில் உண்டாக்கிவிட்டால்?

அதுதான் இன்றைய ஆராய்ச்சி.

விழுந்ததும் எழுந்ததும்

இந்தப் பாதையில் பல தடவை விழுந்து இருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியது இல்லை.

1984-ல் அமெரிக்க மந்திரி ஒருவர், "இரண்டு ஆண்டுகளில் தடுப்பு மருந்து சோதனைக்குத் தயாராகிவிடும்" என்று நம்பிக்கையோடு சொன்னார். நடக்கவில்லை. 2007-ல் ஒரு பெரிய சோதனை பாதியில் நின்றது.

2009-ல் தாய்லாந்தில் இருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. 16 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனையில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தொற்று சுமார் 31 சதவீதம் குறைந்து இருந்தது. உலகுக்கு ஊசி போட அது போதாது. ஆனால் "முடியவே முடியாது" என்ற பேச்சு அன்றோடு நின்றது.

அதே வழியைப் பின்பற்றித் தென் ஆப்பிரிக்காவில் நடந்த சோதனை 2020-ல் தோற்றது. 2021-லும் 2023-லும் மேலும் தோல்விகள்.

பிறகு வேறு வழியில் புறப்பட்டார்கள். எழுதப் படிக்கக் கற்கும் குழந்தையிடம் முதல் நாளே புத்தகத்தைக் கொடுப்பது இல்லை. முதலில் "அ". பிறகு "ஆ". பிறகு சொல். பிறகு வாக்கியம். உடம்பின் அணுக்களுக்கும் அப்படியே பாடம் நடத்தலாம் என்றார்கள். முதல் ஊசி ஒரு பாடம். அடுத்த ஊசி அடுத்த பாடம்.

முதல் பாடம் பலித்ததா? 2022-ல் வெளிவந்த முடிவின்படி, ஊசி போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருடைய உடம்பு முதல் பாடத்தைக் கற்றுக்கொண்டது! 2025-ம் ஆண்டு மே மாதம் இன்னொரு முடிவு வந்தது. அமெரிக்காவில் நடந்த சோதனையில் இரண்டாம் பாடத்துக்கும் பலன் தெரிந்தது. ருவாண்டாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் முதல் பாடம் பலித்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வந்தன. அதையும் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஊசி தயார் என்று இதற்குப் பொருள் இல்லை. இன்னும் பல பாடம் பாக்கி. ஆனால் அரிச்சுவடி கைக்கு வந்துவிட்டது.

40 ஆண்டுகள் போய்விட்டனவே என்று மலைக்க வேண்டாம். மலேரியாக் கிருமியை 1880-ல் கண்டுபிடித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அதற்கு முதல் தடுப்பு ஊசியைச் சிபாரிசு செய்தது 2021-ல். இடையில் 141 ஆண்டுகள்! நடுவில் பணத்தை நிறுத்தி இருந்தால், இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அந்த ஊசி ஏது?

சேத்துப்பட்டில் கையை நீட்டியவர்கள்

இந்தத் தேடலில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

2006-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காச நோய் ஆராய்ச்சி நிலையத்தில் எச்.ஐ.வி. தடுப்பு ஊசி சோதனை தொடங்கியது. இந்தியாவில் அதிகம் காணப்படும் "சி" வகைக் கிருமியை மனத்தில் வைத்துச் செய்த ஊசி அது. அதற்கு முந்திய ஆண்டு புனாவில் வேறு ஓர் ஊசியைச் சோதித்தார்கள்.

சென்னையில் கையை நீட்டியவர்கள் 32 பேர். கிருமி இல்லாத, ஆரோக்கியமான சாதாரண மனிதர்கள். "ஊசியால் எய்ட்ஸ் வந்துவிடுமோ?" என்று உறவினர்கள் பயந்து இருக்கலாம். ஆனால் அந்த ஊசியில் உயிருள்ள எச்.ஐ.வி. கிருமி கிடையாது. கிருமியின் சில அடையாளங்களை மட்டும் உடம்புக்குக் காட்டும் ஊசி அது. ஊசியால் எய்ட்ஸ் வர வழியே இல்லை.

ஊசி பாதுகாப்பானது என்று தெரிந்தது. உடம்பு அதற்குப் பதில் கொடுத்ததும் தெரிந்தது. ஆனால் கிருமியைத் தடுக்க அந்தப் பலம் போதாது என்று கண்டார்கள். அந்த 32 பேரும் தங்களுக்காகவா கையை நீட்டினார்கள்? ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்காக நீட்டினார்கள்.

அதே சேத்துப்பட்டு நிலையத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. 1956-ல் அது தொடங்கியபோது, காச நோய்க்காரரை ஆரோக்கிய நிலையத்தில் படுக்க வைத்து, பால், முட்டை கொடுத்து, பல மாதம் ஓய்வாக வைத்து இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். அவ்வளவு படுக்கைகளுக்கு ஏழை நாடு எங்கே போகும்? வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே குணம் கிடைக்கும் என்று 1959-ல் அந்த நிலையம் நிரூபித்தது. உலகம் முழுவதும் காச நோய் வைத்தியம் மாறியது. ஆராய்ச்சிக்குச் செலவிட்டது கொஞ்சம். அதனால் மிச்சமான படுக்கைகளுக்கும் பிழைத்த உயிர்களுக்கும் கணக்கு இல்லை!

குழாயை மூடுகிறார்கள்

எச்.ஐ.வி. தடுப்பு ஊசி ஆராய்ச்சிக்கு உலகில் அதிகமாகப் பணம் கொடுத்துவந்தது அமெரிக்க அரசுதான். ஒரே கிணற்றை நம்பி ஊரே இருந்தது.

2025-ம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியது. தென் ஆப்பிரிக்காவின் தலைமையில் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் நடத்த இருந்த தடுப்பு ஊசித் திட்டத்துக்குப் பணம் நின்றது. அதே ஆண்டு மே மாத இறுதியில், அமெரிக்காவுக்கு உள்ளேயே, எச்.ஐ.வி. தடுப்பு ஊசி ஆராய்ச்சியின் இரண்டு பெரிய கூட்டணிகளுக்கு இனிப் பணம் புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தார்கள்.

இருக்கிற வழிகளில் கவனம் செலுத்தப் போவதாகக் காரணம் சொன்னார்கள். அந்த வழிகளில் ஒன்று உண்மையிலேயே அற்புதமானது. லெனகாபவிர் என்பது அதன் பெயர். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. 2024-ல் ஆப்பிரிக்காவில் நடந்த சோதனையில், அந்த ஊசி போட்டுக்கொண்ட இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடக் கிருமி தொற்றவில்லை! 2027 முதல், ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 40 டாலர் விலையில் அதை ஏழை நாடுகளுக்குக் கொடுக்க முடியும் என்று இந்திய மருந்துக் கம்பெனிகள் 2025 செப்டம்பரில் அறிவித்தன.

இதைப் பாராட்ட வேண்டும். கிடைக்கும் இடத்தில் எல்லாம் கொடுக்கவும் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது தடுப்பு மருந்து ஊசி. உடம்புக்குப் பாடம் கற்பிக்கும் ஊசி அல்ல. ஆறு மாதம் ஆனதும் மறுபடி போட வேண்டும். மறந்தால் காவல் போய்விடும். குடையைப் பிடித்து இருக்கும் வரைதான் நனையாமல் இருக்கலாம். வீட்டுக்குக் கூரை வேண்டாம் என்று அதற்குப் பொருளா?

குடையும் வேண்டும். கூரையும் வேண்டும்.

நம்மால் என்ன ஆகும்?

"அமெரிக்காவாலேயே முடியாததை நாம் செய்துவிடப் போகிறோமா?" என்று கேட்பவர்கள் பழைய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

எய்ட்ஸ் மாத்திரைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல் செலவு ஆன காலம் ஒன்று இருந்தது. 2001-ல் சிப்லா என்ற இந்தியக் கம்பெனி, ஏழைகளுக்குச் சேவை செய்யும் ஸ்தாபனங்களுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. உலகம் வாயைப் பிளந்தது. ஹெபடைடிஸ் பி ஊசி வெளிநாட்டில் இருந்து யானை விலைக்கு வந்தது. 1997-ல் ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி அதை இங்கேயே செய்தது, விலை சரிந்தது, ஏழைக் குழந்தைக்கும் எட்டியது.

கிண்டியில் கிங் நிலையம் 1899-ல் தோன்றியது. அம்மை குத்தும் மருந்து அங்கே தயாரானது. வீட்டில் வயதானவர்களின் கையைப் பாருங்கள். அம்மை குத்திய தழும்பு இருக்கும். பேரப் பிள்ளைகளின் கையில் அது இருக்காது. ஏன்? அந்த நோயே உலகில் இல்லை! 1980-ல் அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். இளம்பிள்ளை வாதமும் நம் நாட்டை விட்டுப் போய்விட்டது. 2014-ல் அதற்குச் சான்று கிடைத்தது.

உலகுக்கே தடுப்பு ஊசி செய்து அனுப்பும் நாடு இது. சோதிக்க நிலையங்கள் இருக்கின்றன. ஆராய விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். முன்வரும் மக்களும் இருக்கிறார்கள். குறைவது பணமும் பொறுமையும்தான்.

ஆகவே மத்திய அரசு இந்த ஆராய்ச்சிக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஓர் ஆண்டு கொடுத்து மறு ஆண்டு நிறுத்துவது கூடாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு உறுதி வேண்டும். நாற்று நட்ட பின் வாய்க்காலை அடைத்தால் நட்ட கூலியும் நஷ்டம்!

கிணறு ஒன்றாக இருந்ததுதான் இன்றைய தொல்லைக்குக் காரணம். ஆகவே இந்தியா, தென் ஆப்பிரிக்கா போன்ற நாடுகள் சேர்ந்து பணம் போட வேண்டும். தடுப்பு ஊசி விற்று லாபம் காணும் கம்பெனிகளும் பங்கு கொடுக்க வேண்டும்.

பணம் கொடுக்கும்போதே சில நிபந்தனைகளும் போட வேண்டும். சோதனைக்கு முன்வருபவருக்கு எல்லாவற்றையும் அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். பாதிப்பு வந்தால் வைத்தியமும் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் முடிவை ஊர் அறியச் சொல்ல வேண்டும். ஊசி வந்தால், மக்கள் பணத்தில் வந்த ஊசி மக்களுக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும்.

இதற்காக மாத்திரைக்கும் சோதனைக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு காசு குறைக்கக் கூடாது. இன்று நோயோடு இருப்பவரின் சோற்றைப் பிடுங்கி நாளைய பிள்ளைக்குக் கொடுப்பது தர்மம் அல்ல.

மலை ஏறும் வண்டி

மறுபடியும் காரவள்ளிக்கு வருவோம்.

மலை ஏறும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் திரும்புகிறது. பத்தாவது வளைவில் பார்த்தாலும் மலை உச்சி தெரிவது இல்லை. முப்பதாவது வளைவிலும் தெரிவது இல்லை. சில இடத்தில் வந்த வழியே திரும்பிப் போவது போலத் தோன்றும். புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். ஆனால் ஒவ்வொரு வளைவும் வண்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றி இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியும்.

பாதி மலையில் "டீசல் தர மாட்டேன்" என்று முதலாளி சொன்னால் என்ன ஆகும்? வண்டி அங்கேயே நிற்காது. பின்னால் உருளும்!

எச்.ஐ.வி. தடுப்பு ஊசி ஆராய்ச்சி இன்று பாதி மலையில் நிற்கிறது. ஆராய்ச்சிக் கூடம் மூடினால் பழகிய விஞ்ஞானிகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கற்றது கை நழுவும். மறுபடி தொடங்க நினைத்தால் அடிவாரத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குள் இன்னும் எத்தனை லட்சம் குடும்பங்கள்?

நாமக்கல் கோழிப் பண்ணையில் இன்று பொரிக்கும் குஞ்சுக்கு இந்த வாரமே சொட்டு மருந்து கிடைத்துவிடும். அதே ஊர் மருத்துவமனையில் இன்று பிறக்கும் பெண் குழந்தை வளர்ந்து, மணமாகி, ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டுக்கு மருமகளாகப் போகலாம். அதற்கு இன்னும் இருபது ஆண்டுகளாவது இருக்கிறது.

அந்த இருபது ஆண்டுக்குள் அவளுக்கு ஒரு ஊசி கிடைக்குமா?

பணம் கொடுப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.